உம்மாவின் பங்கு

காபிஸ்,
ஞாயிறு காலை

அன்புள்ள ஹைதம் அண்ணனுக்கு,

தங்கை நஜ்லா எழுதுவது. லியோனில் குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போனில் உன் குரல் கேட்டதும் சொல்ல வந்ததை விட்டு வேறெதையோ பேசிவிடுகிறேன், அதனால்தான் கடிதம்.

உம்மாவின் வயிற்றுக் கட்டி ஈரல்வரை பரவிவிட்டது. அதைக்கூட உம்மா தாங்கிக்கொண்டார். இது ஏன் வந்தது என்று கேட்டபோது டாக்டரம்மா சொன்னதைத்தான் தாங்கவில்லை. "செல் ஒண்ணு ரெண்டாப் பிரியும்போது உள்ள இருக்குற குரோமோசோம் ரெண்டு பக்கமும் சமமாப் போகணும்மா. உங்களுக்கு அந்தப் பங்கு தப்பிப்போச்சு. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் குறைச்சல். அந்தத் தப்போடயே பெருகிருச்சு."

பங்கு என்பதற்கு டாக்டரம்மா சொன்ன சொல் கிஸ்மா. பங்குக்கும் விதிக்கும் நமக்கு அந்த ஒரே சொல்தானே, அண்ணா.

வீட்டுக்கு வந்ததும் உம்மா, "பங்கு போட்டவ நாந்தானே? குஸ்குஸ் சோத்துல கறி உன் அண்ணனுக்கு, எலும்பு உனக்கு. படிப்பு அவனுக்கு, தையல் மிஷின் உனக்கு. அந்தத் தப்புதான் வயித்துல உட்கார்ந்திருக்கு" என்றார். இல்லை உம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்.

மறுநாள் நானே தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் கேட்டேன். "உங்கம்மா செஞ்சதால எதுவும் இல்ல கண்ணு, உடம்பு தானாப் பண்ணின பிழை" என்றார். அதைச் சொன்னால் உம்மா சிரிக்கிறார். "வாயில மாவு அடைச்சவளே, நீ டாக்டர்கிட்ட பேசினியா? பொய் சொன்னாலும் நம்புற மாதிரி சொல்லுடி."

இப்போது கறியெல்லாம் என் தட்டில்தான் விழுகிறது. எனக்கு இறங்குவதில்லை. வலி மாத்திரையை நீட்டினால், "இந்த வலி என் பங்கு" என்று தள்ளிவிடுகிறார். ராத்திரி முக்காட்டைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார்.

நான் சொல்லி நம்பமாட்டார். நீ வா, அண்ணா. என் படிப்பைப் பற்றி உன்னிடம் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். குஸ்குஸ் நான் சமைக்கிறேன், உம்மா கையால் பங்கு போடட்டும். உனக்கு எலும்புதான் வரும். முகம் சுளிக்காமல் வாங்கிக்கொண்டு, "பங்கு சரியா இருக்கு உம்மா" என்று மட்டும் சொல். பிறகு மாத்திரையை நான் கொடுத்துக்கொள்கிறேன்.

தட்டைப் பிடிக்கும் அளவுக்கு உம்மாவின் கையில் இன்னும் பலம் இருக்கிறது. அது இருக்கும்போதே உன்னை இறைவன் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் தங்கை,
நஜ்லா