வேலிக்கு அங்கிட்டு

ஆமத்தூர்
ஞாயிறு, மாலை

அன்புள்ள அத்தானுக்கு,

ஆர்த்தி எழுதுவது. நலம். உள்ளங்காலில் மூன்று முள் இருந்தது. எடுத்தாகிவிட்டது.

போனில் சொல்லியிருக்கலாம். எதைப் பேசத் தொடங்கினாலும் நீங்கள் திருப்பூர் வீட்டில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள். ஒன்றாம் தேதி சாமான் ஏற்ற வண்டி அனுப்புவதாகச் சொன்னீர்கள். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடிதத்தை உங்களால் இடைமறிக்க முடியாது.

பங்குனியில் நம் பட்டாசுக் கம்பெனிக்குப் பின்னால் சீமைக்கருவேலங்காடு பற்றி எரிந்தது. நாம் வேலை பார்த்த எட்டாம் நம்பர் ரூமுக்கு இருபதடி தள்ளித் தீ வந்தபோது, காற்று திரும்பியது. நாம் செருப்பில்லாமல் ரோடு வரை ஓடினோம். மறுவாரமே வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டீர்கள். "வெடிமருந்துக்கு நான் பயப்படலை. அதோட குணம் எனக்குத் தெரியும். வேலிக்கு அங்கிட்டு இருக்கதுக்குத்தான் பயம்" என்றீர்கள்.

மூன்று மாதம் அந்தப் பேச்சு என்னுடனேயே இருந்தது. பிறகு ரூமில் சொன்னேன். எல்லோருக்கும் அதே பயம். யாரும் வெளியே சொன்னதில்லை.

அந்தக் காட்டை நான்கு ஞாயிறாக வெட்டுகிறோம். பஞ்சாயத்தில் கேட்டுக்கொண்டுதான். நம் கம்பெனி ஆட்கள் இருபத்துமூன்று பேர். சோறு இருளம்மாள் அத்தை.

முதல் ஞாயிறு நடந்ததைக் கேளுங்கள். காட்டோரம் வந்ததும் எல்லோரும் செருப்பைக் கழற்றி வரிசையாக விட்டோம். மருந்து ரூமுக்குள் செருப்பில்லாமல் நுழைகிற பழக்கம். கீழே முள் கிடக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நாலாவது அடியில் இருபத்துமூன்று பேரும் கத்திய கத்தலில் புதருக்குள் இருந்த கவுதாரியெல்லாம் பறந்துவிட்டது.

இன்று வேரோடு தூர் பறித்தோம். வெட்டினால் மட்டும் போதாது. ஒரு மழைக்குத் துளிர்த்துவிடும். தூரில் வடம் கட்டி நான்கு பேர் இழுத்தோம். அசையவில்லை. மற்றவர்கள் தள்ளி நின்று பார்க்கிறார்கள். வரவே இல்லை. மருந்து ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் கூடாது என்ற சட்டத்துக்குக் காலமெல்லாம் எண்ணிப் பழகிய கால்கள்.

போர்மேன் கருப்பணன் அண்ணாச்சிக்குத்தான் முதலில் விளங்கியது. "ஏலே, இது காடுலே! எண்ணிக்கிட்டா நிக்கீக? அம்புட்டுப் பேரும் வந்து இழுங்க!"

ஐந்தாவதாக வந்தது இருளம்மாள் அத்தை. இன்ஸ்பெக்டர் எங்காவது நிற்கிறாரா என்று பார்த்துப் பார்த்து வந்தார். அப்புறம் ஒவ்வொருவராக. தூர் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு வந்ததில் மொத்தமாக மல்லாந்தோம். அண்ணாச்சி மேல் அத்தை. எழுந்திருக்காமலே கேட்டார்: "போர்மேன், இப்ப எத்தனை பேருன்னு எண்ணுங்க பாப்பம்."

இவ்வளவு சிரித்து நாளாகிவிட்டது.

வேலியைச் சுற்றி நூறடிக்கு இப்போது வெறும் கரிசல். வெட்டிய விறகைக் காய விடுவதில்லை. அன்றன்றே லாரி ஏறிவிடுகிறது. எட்டாம் நம்பர் ரூம் வாசலில் நின்றால் சிவகாசி பஸ் போவது தெரிகிறது. நேற்று அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் சும்மா நின்றேன். பயம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

ஒரு தூர் மட்டும் பாக்கி. அந்த ரூமுக்கு நேர் பின்னால். இருப்பதிலேயே பெரியது. அதை இன்று தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சின்னச்சாமி அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. "தங்கச்சி மாப்பிள்ளைக்குப் பங்கு எடுத்து வைக்குது" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி சொன்னார். நான் மறுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு வாருங்கள். வேலிக்கு அங்கிட்டு நின்று ஒருமுறை பாருங்கள். பார்த்த பிறகும் பயமாக இருந்தால், சாமானை நானே கட்டுகிறேன். அதுவரை வண்டிக்குச் சொல்ல வேண்டாம்.

வடம் கட்டியே கிடக்கிறது. வரும்போது செருப்பைக் கழற்றிவிடாதீர்கள்.

உங்கள்
ஆர்த்தி