வாசலில் கதையாதேங்கோ

புதுக்குடியிருப்பு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆனாலும் கணவன் தவநேசனுக்கு எழுதிவைக்காமல் பிரேமிளாவால் படி இறங்க முடியவில்லை. கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் எழுதினாள்:

“இஞ்சேருங்கோ, அக்கா வீட்டை போயிட்டு நாளைக்கு வாறன். சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் குசினியில மூடி இருக்கு.

நீங்கள் வவுனியாவில இருந்து தூக்கிவந்த பொமேரியன் நாய்க்குட்டியை ஒருமாதிரி வெளியில மூத்திரம் போகப் பழக்கிப்போட்டன். ஆனா நீங்கள் வந்து கொஞ்சினவுடன, அதுக்குச் சந்தோசத்தில உள்ளுக்கையே மூத்திரம் போகுது. அதால வாசலில அதைப் பாராமல், கதையாமல், நேரா முருங்கையடிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ. அங்க ஒண்டுக்கு இருந்து முடிச்சாப்பிறகு கொஞ்சுங்கோ. வேலையால வந்து வாசலில என்னைப் பாராமல், கதையாமல் தாண்டிப் போறனீங்கள் எல்லோ, அதுமாதிரித்தான்.”

மூடிய பேனையை மறுபடி திறந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

“நாளைக்கு நான் வரேக்க வாசலிலயே கதைக்கலாம். நான் நிலத்தை நனைக்க மாட்டன்.”