ஆளுக்குப் பாதி

மே 15, 1965. சனி. கடலூர்.

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்கிறது. சைக்கிளுக்கு எண்ணெய் போட்டாயிற்று. பின் சக்கர டியூபுக்கு ஒட்டு. நாளை கடலூர்–சிதம்பரம் பந்தயம். முதல் பரிசு புது சைக்கிள்.

மருந்துக்கடையில் ஒரு மாத்திரை வாங்கினேன். பரீட்சைக்குப் படிக்கிறவர்கள் தூக்கம் வராமலிருக்கப் போடுவது. களைப்பே தெரியாதாம். "பந்தயத்துக்கா? ஜாஸ்தி போட்டுடாத, நெஞ்சு படபடன்னு அடிக்கும்," என்றார் கடைக்காரர்.

அக்கா வீட்டுக்காரரும் ஓட்டுகிறார். கிள்ளையிலிருந்து தினம் சைக்கிளில் சிதம்பரத்துக்கு மீன் கொண்டு போகிற மனுஷர். நான் மட்டும் போட்டால் அது திருட்டு. ஆளுக்குப் பாதி.

மே 16, ஞாயிறு. சிதம்பரம்.

நான்தான் முதல்.

கிளம்புமுன் பாதியைக் கொடுத்தேன். "என்னா மச்சான் இது?" "சத்து மாத்திரை மாமா." சிரித்துக்கொண்டே விழுங்கினார்.

புதுச்சத்திரம் தாண்டித் திரும்பிப் பார்த்தேன். அவரைக் காணோம். நிற்கவில்லை நான்.

ரோட்டோரம் விழுந்து கிடந்தவரை லாரியில் ஏற்றி வந்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் அவருக்கு நினைவில்லை. "என்னா சாப்ட்டாரு?" என்றார் டாக்டர். இட்லி என்றேன்.

மே 17, திங்கள்.

ஆபீசுக்கு லீவு. வாங்க வேண்டியது: சாத்துக்குடி, பிளாஸ்க், அக்காவுக்குச் சோப்பு.

"நீ கூட இருக்கிறதாலதான்டா தைரியமா இருக்கேன்," என்கிறாள் அக்கா. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் டாக்டரிடம் சொல்லிவிட்டேன். "நேத்தே சொல்றதுக்கு என்னய்யா கேடு? ஒரு நாள் பூரா குருட்டாம்போக்குல வைத்தியம் பாத்திருக்கேன்!"

மே 18, செவ்வாய்.

பரிசைத் திருப்பித் தரக் கடலூரில் பந்தயச் செயலாளர் வீட்டுக்குப் போனேன். "மாத்திரை போடக்கூடாதுன்னு நம்ம ரூல்ல எங்க இருக்கு? சைக்கிள நீயே வச்சுக்க, வெளிய சொல்லித் தொலைக்காத." ரூலைப் பார்த்துக்கொண்டா நெஞ்சு அடிக்கிறது?

மருந்துக்கடைக்காரர்: "நான்தான் அப்பவே சொன்னேனே." எல்லார் கையும் சுத்தம். எரிச்சலில் டீக்கடையில் காரணமில்லாமல் சண்டை போட்டேன்.

மாமா கண் திறந்து பேசுகிறார். அவரிடமும் சொன்னேன். "இன்னதுன்னு சொல்லிட்டுக் குடுத்திருக்கலாம் மச்சான்." அவ்வளவுதான். செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

மே 21, வெள்ளி. கிள்ளை.

புழுக்கம். லீவை நீட்டச் சொல்லி ஆபீசுக்குத் தந்தி. மாமாவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இனி சைக்கிள் மிதிக்கவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பு.

அக்காவிடம் நானே சொன்னேன், பாதி மாத்திரை விஷயத்தை. அழுவாள் என்று நினைத்தேன். எழுந்து போய் மாமாவின் மீன் கூடையை எடுத்து வந்து பரிசு சைக்கிளின் கேரியரில் கட்டினாள். "காலைல நீ போ. ரெண்டு புள்ளைங்க இருக்குதுங்க."

மே 22, சனி.

கூடை கனம். எதிர்க்காற்று. சிதம்பரம் போய்ச் சேர்வதற்குள் மூன்று தரம் இறங்கித் தள்ளினேன். மாமா ஒரு தரம்கூட இறங்க மாட்டாராம், மார்க்கெட்டில் சொல்கிறார்கள்.

மாத்திரை இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவர்தான் முதல்.