பாதி வயலுக்கு மட்டும்

மந்தைவெளி
18-10-1946

அன்புள்ள மச்சானுக்கு,

சகினாவின் ஸலாம். நானும் உங்கள் அத்தாவும் அல்லாஹ்வின் அருளால் சுகம். வயல்தான் சுகமில்லை. அடையாற்றங்கரையில் மாமா குத்தகைக்கு எடுத்த நிலத்தில் மழைத்தண்ணீர் வடியவே மாட்டேன் என்கிறது. பயிரின் அடியிலை எல்லாம் மஞ்சள். போட்ட உரம் தண்ணீரோடு போய்விட்டது. ரேஷன் அரிசி பற்றவில்லை. இந்த நெல்லை நம்பித்தான் இருக்கிறோம். கோயம்புத்தூரில் பயிர் ஆராய்ச்சி செய்கிற நீங்கள் வீட்டுப் பயிரை ஒருமுறை வந்து பார்க்கக் கூடாதா? பக்ரீதுக்காவது வருவீர்களா? மாமாவுக்கு இருமல் விடவில்லை; மகன் எப்போது வருவான் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

உங்கள் சகினா

கோயம்புத்தூர்
23-10-1946

அன்புள்ள சகினாவுக்கு துஆ.

அடியிலை மஞ்சளானதைப் படித்ததும் எனக்கு உற்சாகம்தான் வந்தது. தழைச்சத்து போதாதபோது பயிர் மூத்த இலையில் இருப்பதை எடுத்து இளம் இலைக்கு அனுப்பிவிடும். தண்ணீரில் மூச்சு முட்டிய வேர் உரத்தை இழுக்காது. ஆனால் இலை குடிக்கும்! இங்கே தொட்டியில் செய்து பார்த்தேன். வயலில் செய்ய மேலதிகாரி இடம் தர மறுக்கிறார். நம் வயல் இருக்கிறதே! அமோனியம் சல்பேட்டை மிக நீர்க்கக் கரைத்து, துணியில் வடிகட்டி, கொசு மருந்துப் பம்பால் இலைமேல் பனிபோலத் தெளி. வரப்புக்கு இந்தப் பக்கப் பாதிக்கு மட்டும். மறுபாதியைத் தொடவே தொடாதே. ஒப்பிட்டுக் காட்டினால்தான் நம்புவார்கள்.

பக்ரீதுக்கு லீவு கிடைக்காது.

ஹனீஃபா

மந்தைவெளி
6-11-1946

அன்புள்ள மச்சானுக்கு,

பெருநாள் வந்தது, போனது. நீங்கள் சொன்னபடி தெளித்தேன். களை எடுக்க வந்த முனியம்மாள், “இன்னாம்மா, வேர வுட்டுட்டு எலைக்குச் சோறு ஊட்டிக்கினு கீறே?” என்று சிரித்தாள். மறுநாள் இலை நுனியெல்லாம் கருகிக் கிடந்தது. அவள் சிரிக்கவில்லை. உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாதாம், பக்கத்து வயல்காரர் சொல்கிறார். அதை நீங்கள் ஏன் எழுதவில்லை? மாமாவின் இருமலைப் பற்றியும் ஒரு வார்த்தை எழுதவில்லை.

சகினா

கோயம்புத்தூர்
11-11-1946

அன்புள்ள சகினாவுக்கு,

அது உனக்கே தெரிந்திருக்கும் என்று நினைத்தேன். இனி சாயங்காலம் தெளி. கருகிய இலைகளைக் காகிதத்தில் மடித்து அனுப்பு. மறுபாதி எப்படி இருக்கிறது? அதை முக்கியமாக எழுது. அத்தாவுக்கு என் ஸலாம்.

ஹனீஃபா

மந்தைவெளி
8-12-1946

அன்புள்ள மச்சானுக்கு,

சாயங்காலத் தெளிப்பு பலித்துவிட்டது. புது இலைகள் விறைப்பாக, கரும்பச்சையாக நிற்கின்றன. கதிர் தலைகாட்டுகிறது. மறுபாதிக்கும் தெளித்தாகிவிட்டது. அதுவும் தேறிவிட்டது. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

சகினா

கோயம்புத்தூர்
13-12-1946

சகினா,

தொடாதே என்று எழுதினேனா இல்லையா? தெளிக்காத பயிர் ஒன்று இல்லாமல், தெளித்ததால்தான் தேறியது என்று எதை வைத்துச் சொல்வேன்? மேலதிகாரி சிரிக்கிறார். ஒரு வருஷ உழைப்பைப் பாழாக்கினாய். படிக்காதவளிடம் ஒப்படைத்தது என் புத்தி.

ஹனீஃபா

மந்தைவெளி
19-12-1946

அன்புள்ள மச்சானுக்கு,

மறுபாதிக்குத் தெளித்தது நானில்லை, உங்கள் அத்தா. ரேஷன் கடையிலிருந்து நான் திரும்பியபோது முழங்கால் தண்ணீரில் பம்போடு நின்றார். “அவர் வேண்டாமென்று எழுதியிருக்கிறாரே மாமா” என்றேன். “ஒரு பாதிக்குச் சோறு போட்டு, ஒரு பாதியைப் பட்டினி போட்டுப் பாக்கணுமா? என்னால ஆவாதும்மா” என்றார். அன்றே காய்ச்சல் கண்டது. இன்னும் படுக்கைதான். நெஞ்சில் சளி கட்டியிருக்கிறது என்கிறார் டாக்டர். மகன் வேலைக்குத் தன்னால் கெடுதல் வந்ததோ என்று பயந்து, உங்களுக்கு எழுதக் கூடாதென்று சொல்லிவிட்டார்.

கண் மங்கிவிட்டதால் உங்கள் கடிதங்களை நான்தான் அவருக்குப் படித்துக் காட்டுகிறேன். இந்தக் கடைசிக் கடிதத்தையும் படிக்கச் சொன்னார். திட்டியதை விட்டுவிட்டு, அத்தா உடம்பைப் பற்றி விசாரித்திருக்கிறீர்கள், அறுப்புக்கு வருகிறீர்கள் என்று நானாகச் சேர்த்துப் படித்தேன். முகம் மலர்ந்து, “எங்கே, அந்த இடத்தை இன்னொரு தடவை படி” என்றார். முதலில் என்ன வார்த்தை சொன்னேன் என்று எனக்கு நினைவு வரவில்லை. தடுமாறினேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அடுத்த கடிதத்தில் வயலைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம்.

சகினா