மாரிசு காருக்கு உங்கம்மா வயரு பிணைச்ச சேதி

ஐயம்பேட்டை,
தை மாசம், 1971

என் கண்ணு கிருஷ்ணவேணிக்கு நைனா எழுதறது. இங்க நானும் உங்கம்மாவும் ஒரு கொறையும் இல்லாம இருக்கோம், அங்க நீயும் மாப்பிள்ளையும் வயித்துல இருக்கிற குட்டியும் எப்படி இருக்கீங்கன்னு தெரிஞ்சாதான் எங்களுக்கு சோறு எறங்கும். நேரா விஷயத்துக்கு வர்றேன், எனக்கு சுத்தி வளைக்கத் தெரியாது. போன கடுதாசில நம்ம பழைய சீமை மாரிசு காரு ஜம்முனு ஓடுது, தலைப்பிரசவத்துக்கு உன்ன அரக்கோணம் ஸ்டேஷன்லருந்து அதுலதான் கூட்டியாருவோம்னு எழுதினேன் இல்ல, அது பொய்ம்மா. அன்னிக்கு வண்டி கொட்டாயில செத்துக் கெடந்துச்சு. உன் மாமியா லோகாம்பாள் எழுதியிருந்தாங்க இல்ல, பஸ்ல குலுங்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு, டாக்சிக்காரன நம்பி அனுப்ப மாட்டேன், சொந்தக் காரு இருந்தா சொல்லுங்க, இல்லன்னா பிரசவம் பம்பாயிலயேதான்னு, அத படிச்சதும் எனக்கு ரோசம் வந்துடுச்சு. உங்கம்மாவுக்குக் கூட சொல்லாம எழுதி தபால் பொட்டியில போட்டுட்டேன். அப்பறம் தெரிஞ்சு, ரெண்டு நாளு சோறு போட்டா, பேச்சு குடுக்கல.

அந்தக் காரு ஸௌந்தரராஜன் வாத்தியார் ஊட்டு ஷெட்டுல அஞ்சு வருஷம் சும்மா நின்னது, அத நான் வாங்கியாந்து ஆறு மாசம் ஆவுது, உனக்குத் தெரியும். கார்புரேட்டர கழட்டி பெட்ரோல்ல கழுவினேன், பிளக்கு தேச்சேன், பிரேக்குக்கு புது ரப்பர் போட்டேன், சீட்டுல குத்திக்கினு இருந்த ஸ்ப்ரிங்குக்கு மேல இலவம்பஞ்சு வச்சு தெச்சேன், எல்லாம் நானேதான். வயருலதான் மாட்டிக்கினேன். டேஷ்போர்டுக்குப் பின்னாடி எலி குடும்பம் நடத்தி கண்ட எடத்துல கடிச்சு வச்சிருந்துச்சு, சாவிய போட்டா பொகை வருது. எனக்குத்தான் பொறுமை கெடையாதே, பேட்டரிய கழட்டி வச்சுட்டு கட்டிங் பிளேயரால மொத்த வயரையும் ஒரே மூச்சுல வெட்டி குப்பையில வீசிட்டேன். மெட்ராஸ் புதுப்பேட்டைக்குப் போயி ஒரு சுருள் புது வயரு வாங்கியாந்தேன், அதுவும் எல்லாம் ஒரே செவப்பு. அப்பறம் பாத்தா எஞ்சின் பக்கம் பத்தொம்பது துண்டு, டேஷ்போர்டு பக்கம் பத்தொம்பது துண்டு, சாண் நீளத்துக்கு நீட்டிக்கினு நிக்குது, எல்லாம் ஒரே அழுக்கு நெறம். எதுக்கு எது ஜோடின்னு தெரியல. மெக்கானிக் தணிகாசலம் வந்து எட்டிப் பாத்துட்டு, இன்னாபா முனிரத்தினம், கொடலயே உருவிட்டியே, பேசாம இரும்புக்குப் போட்டுடுன்னு பீடி பத்தவச்சுக்கினு போயிட்டாரு.

மூணாம் நாளு காலையில உங்கம்மா தறிக்காரங்க ஊட்டுக்கு பாவு பிணைக்கப் போறவ, போற வழியில கொட்டாயில நின்னா. தறியில பழைய பாவு நூலு முடியறப்போ அத அறுக்காம, ஒவ்வொரு இழையா புதுப் பாவோட முறுக்கி சேப்பாளே, அப்படி வேலை செய்யறவளுக்கு நான் பண்ண வேலைய பாத்ததும் பத்திக்கினு வந்துச்சு. பிணைக்கறதுக்கு முன்னாடியே பாவ அறுத்துட்டு நிக்கிற ஆளு ஊருலகத்துல நீ ஒருத்தன்தான்யான்னு திட்டினா. திட்டிக்கினே ஒரு துண்ட புடிச்சு கண்ணுகிட்ட கொண்டு போனவ அப்படியே நின்னுட்டா. யோவ், இது நூலு, இத நெய்ஞ்சிருக்காங்கன்னா. பூந்திக்கொட்டை தண்ணியில துணிய நனைச்சு தொடைச்சா பாரு, உள்ள ஒவ்வொரு வயரு மேலயும் பருத்தி நூலால ஒற போட்டு பின்னியிருக்குது. ஒண்ணுல பழுப்புக்கு நடுவுல ரெண்டு பச்சை இழை ஓடுது, ஒண்ணுல வெள்ளைக்கு நடுவுல ஒரு செவப்பு. இதே இழை அந்தப் பக்கமும் இருக்கும், இது ஜோடின்னு அவளே தேடி எடுத்துக் குடுக்கறா. ஆறு மாசமா அந்த வயர கையில புடிச்சுக்கினு இருக்கேன், எனக்கு அழுக்குதான் தெரிஞ்சுச்சு. ஏழாங்கிளாஸ்ல ஓடியாந்தவன் நானு, அவ பள்ளிக்கூட வாசலே மிதிக்காதவ. சீமையில யாரோ பின்னி வச்ச கணக்கு, இருவது வருஷம் கழிச்சு இவ வெரலுக்குப் புரியுது. எனக்கு ரோமமெல்லாம் நின்னுடுச்சும்மா. குப்பையில வீசின வயருலருந்து ஒரு துண்டு பொறுக்கி இந்தக் கவர்ல வச்சிருக்கேன், வெளிச்சத்துல புடிச்சுப் பாரு.

அன்னிக்கு அவ வேலைக்கே போவல. ஜோடிக்கு நடுவுல புது வயர வச்சு அவ முறுக்க முறுக்க நான் ஈயம் வச்சு டேப்பு சுத்திக்கினே வந்தேன். நூலு வழுக்காம இருக்க சாம்பலத் தொடற பழக்கத்துல வயரையும் அப்படியே முறுக்கிட்டா, அடியே இது பட்டு இல்ல, ஈயம் ஒட்டாதுன்னேன், அதுக்கும் மொறைச்சா. பதினேழு ஜோடி சேந்துடுச்சு. மீதி ரெண்டுல நூல எலியே துன்னுட்டுது, அத மட்டும் குத்துமதிப்பா போட்டோம். லைட்டு சுச்சிய தட்டினா ஆரன் அடிக்குது. பயந்து எகிறிக் குதிச்சு அப்பறம் அப்படி சிரிச்சா உங்கம்மா. மாத்திப் போட்டதும் ரெண்டு லைட்டும் பளிச்சுனு எரிஞ்சுது பாரு, அவ சிரிப்பு நின்னுடுச்சு. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணு என் முறுக்கு வழியா ஓடுதாய்யான்னு மெல்ல கேட்டா. ஆமாம்னேன். கோயில்ல கற்பூரத்த தொட்டு ஒத்திக்கிற மாதிரி லைட்டு மேல கை வச்சு கண்ணுல ஒத்திக்கினா. நான் கிண்டல் பண்ணல. எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு.

நேத்து அரக்கோணம் வரைக்கும் போயி திரும்பினோம். அவ பின் சீட்டுல மடியில சொம்பு நெறைய தண்ணி வச்சுக்கினு ஒக்காந்தா, சிந்தினா பொண்ண ஏத்த மாட்டேன்னு சொல்லிட்டா. போகும்போது ரயில்வே கேட்டுல பாதித் தண்ணி அவ பொடவையில. இப்படி ஓட்டினா புள்ள கேட்டுலயே பொறந்துடும்யான்னா. வரும்போது மாட்டு வண்டி கூட எங்கள தாண்டிப் போச்சு, ஆனா ஒரு கை தண்ணி கூட சிந்தல.

இதெல்லாம் நான் எழுதறதுக்குக் காரணம் அவதான். பொய்ய நம்பி வர்ற பொண்ண ஏத்திக்கினு வர மாட்டேன், உள்ளத எழுதுன்னுட்டா. உள்ளத சொல்றேன் கேளு. வைப்பர் ஓடல, மழை வந்தா ஓரமா நிக்கணும். மேட்டுல மூச்சு வாங்குது. பிரேக்கு, லைட்டு, ஆரன் மூணும் சுத்தம். இந்தக் கடுதாசிய மாமியாருக்கு முழுசா படிச்சுக் காட்டு, பொய்ன்னு எழுதின எடத்த தாண்டிடாத, திட்டினா திட்டட்டும். அப்பறம் நீயே முடிவு பண்ணு. வர்றேன்னா எந்தத் தேதி பம்பாய் மெயிலுன்னு எழுது. வேணாம்னு தோணினா நான் கோவிக்க மாட்டேன், உங்கம்மாவ அங்க ரயிலேத்தி அனுப்பிடறேன். எந்த ஊர்ல பொறந்தாலும் கொழந்தைய மொதல்ல வாங்கற கை அவ கையா இருக்கணும்.

கொடத்த தூக்காத, மாப்பிள்ளைய தூக்கச் சொல்லு. காமாட்சி தாயி பிரசவம் முடிச்சு உன்ன நல்லபடியா எழுப்பி உக்கார வைக்கட்டும். அம்மா உனக்கு நெத்தியில முத்தம் சொல்லச் சொன்னா.

உன் நைனா
முனிரத்தினம்
(பக்கத்துல உங்கம்மா அம்சா, நான் எழுதினது உண்மையான்னு படிக்கச் சொல்லி கேட்டுக்கினு இருக்கா)