கட்டை போட்டு நிறுத்தும் வண்டி

சேசு மரி சூசை துணை

மரக்காணம்,
மே 18, ஞாயிறு

அன்பு மகன் ஜெரால்டுக்கு,

அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் இங்கே நானும் நலம், நீ விற்கச் சொன்ன பிக்கப் வண்டியும் நலம். மஸ்கட்டில் நீயும் மெர்லினும் பேத்தி அனுஷியாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று காலைப் பூசையில் வேண்டிக்கொண்டு வந்து, காபி கூடக் குடிக்காமல் இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ மெர்லினிடம் கேட்பாய். போனில் நான் இரண்டு வாக்கியம் முடிப்பதற்குள் "சரிம்மா, சரிம்மா" என்று நடுவில் புகுந்துவிடுகிறாய். காகிதத்தில் அது நடக்காது. கடைசி வரை படி, கோபத்தை அதற்குப் பிறகு வைத்துக்கொள்.

போன மாதம் டீசல் பில்லையெல்லாம் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், அனுப்பினேன். கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "அம்மா, அது டீசல குடிக்குதும்மா, லிட்டருக்கு எட்டு கிலோமீட்டர்தான் வருது, இன்ஜின் போச்சு, வித்துட்டு நீ சென்னை பிளாட்டுல வந்து நிம்மதியா இரு" என்றாய். டீசலில் தொடங்கிய வாக்கியம் பிளாட்டில் முடிந்ததை நான் கவனித்தேன். வண்டி போனால் உப்பு வியாபாரம் போகும், வியாபாரம் போனால் அம்மாவுக்கு மரக்காணத்தில் என்ன வேலை என்று கேட்கலாம், அதுதானே உன் திட்டம்? உன் அப்பா போன மறு மாதமே உப்பளத்துக்குப் போய் நின்று மூட்டை ஏற்றியவள் நான். அனுமந்தையில் வேலம்மாளும் மற்றப் பெண்களும் கருவாடு போட என் உப்பைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்கள். அந்தக் கடற்கரைச் சந்துக்குள் லாரி நுழையாது. வாடகைக்கு வருகிற குட்டியானை வேன்காரர்களோ அளத்துக் கரை மேல் ஏற மாட்டேன் என்கிறார்கள். எனக்கு எழுபத்தொரு வயது. கண்ணாடி போட்டால் ஊசியில் நூல் கோர்க்கிறேன். நான்காம் மாடியில் உட்கார்ந்து லிப்ட் வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க எனக்கு விருப்பம் இல்லை.

என்னைக் கேட்காமல் வானூர் புரோக்கர் கலியமூர்த்தியிடம் வாக்குக் கொடுத்துவிட்டாய். அந்த மனிதர் செவ்வாய்க்கிழமை வந்து, பேன்ட் பையில் கையை விட்டுக்கொண்டு வண்டியைச் சுற்றி நடந்தார். நான் வாசலில் நிற்கிறேன், என்னிடம் ஒரு வார்த்தை இல்லை, டிரைவர் தேசப்பனிடம் பேசுகிறார். "இது டீசல் குடிக்கலப்பா, டீசல்ல குளிக்குது, எடைக்குத்தான் போவும்" என்று பானெட்டைத் தட்டினார். எனக்கு எங்கே இருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று தெரியவில்லை. வண்டி என் பெயரில் இருக்கிறது, விலையை என்னிடம் பேசுங்கள், இந்த வருடம்தான் எப்.சி. ஆகியிருக்கிறது, தட்டுவதற்கு அது தர்பூசணி இல்லை என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே, "அம்மா, உங்க புள்ளயே எட்டுதான்னு சொல்லிட்டாரு, இன்ஜினீயரு வேற" என்றார். சனிக்கிழமை வாருங்கள், உங்களையே வண்டியில் உட்கார வைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயமாகத்தான் இருந்தது. ஏனென்றால் நீ சொன்ன எட்டு சரி. நானும் போட்டுப் பார்த்தேன், அதே எட்டுதான் வந்தது.

ஆனால் கான்வென்டில் எங்களுக்குக் கணக்கு எடுத்த சிஸ்டர் பியாத்ரிஸ், விடை மட்டும் எழுதினால் மதிப்பெண்ணே தரமாட்டார், எப்படி வந்தது என்று எழுத வேண்டும். எட்டு எப்படி வந்தது என்று நீ கேட்கவில்லை, நான் கேட்டேன். போன வருடம் முழுவதும் இதே வண்டி, இதே பாரத்தோடு பன்னிரண்டு கொடுத்திருக்கிறது. ஜனவரியிலிருந்துதான் குறைகிறது. இன்ஜின் வயதாகித் தேய்ந்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே குறைய வேண்டும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் கீழே விழுமா? புதன்கிழமை முழுவதும் தேசப்பன் பக்கத்தில் உட்கார்ந்து சுற்றினேன். முன்பெல்லாம் வேகத்தடைக்கு முன்னால் அவன் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வண்டி தானாக ஓடிப் போய் மெதுவாகும். இப்போது யாரோ பின்னாலிருந்து சட்டையைப் பிடித்து இழுத்தது போல நிற்கிறது. வீட்டு வாசலில் இறங்கியபோது, சூடு அதிகமான இஸ்திரிப் பெட்டியைப் பருத்திச் சேலையில் வைத்தால் வருமே, அந்த வாடை. பின்சக்கரத்தின் நடுவில் கை வைத்தேன், வைக்க முடியவில்லை. மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் கழற்றச் சொன்னேன். ஹேண்ட் பிரேக் கேபிள் துருப்பிடித்து உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லீவரை இறக்கினாலும் உள்ளே பிரேக் முழுதாக விடவில்லை. நான்கு மாதமாகப் பாவம் அந்த வண்டி பிரேக்கை இழுத்துக்கொண்டே உப்பு சுமந்திருக்கிறது. டீசல் குடிக்காமல் என்ன செய்யும்?

இப்போது நன்றாக நினைவுபடுத்திப் பார். ஈர உப்பு மூட்டையிலிருந்து நாள் முழுக்க அடியில் உப்புத் தண்ணீர் சொட்டும், கேபிள் துருப்பிடிக்கும், இழுத்தால் திரும்பி விடாது. அதனால்தான் இந்த ஊரில் உப்பு ஏற்றுகிற யாரும் ஹேண்ட் பிரேக் போடுவதில்லை. கியரில் நிறுத்திவிட்டு, சக்கரத்துக்கு அடியில் ஒரு கட்டையைப் போடுவார்கள். உன் அப்பாவும் அப்படித்தான் செய்தார். டிசம்பர் லீவில் வந்த நீ அளத்தில் அதைப் பார்த்துவிட்டு, "ஏம்பா தேசப்பா, இன்னும் மாட்டு வண்டியா ஓட்டுற? ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்குது?" என்று கேட்டு, கட்டையைத் தூக்கி உப்பங்கழியில் எறிந்தாய். அன்றிலிருந்து அவன் நிறுத்துகிற இடத்திலெல்லாம் ஹேண்ட் பிரேக்கைக் கடைசி வரை இழுத்து விட்டிருக்கிறான். ஏனப்பா என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டால், "ஜெரால்டு அண்ணன் சொல்லிட்டாரு, நான் எப்படிங்கம்மா மாத்துறது" என்கிறான். ஆக, அந்த எட்டு இன்ஜின் போட்ட எட்டு இல்லை மகனே, நீ போட்ட எட்டு.

புதுக் கேபிள் மாட்டி, பிரேக்கைச் சுத்தம் செய்து, சனிக்கிழமை காலையில் கலியமூர்த்தியை எனக்கும் தேசப்பனுக்கும் நடுவில் உட்கார வைத்தேன். பங்க்கில் டேங்கைக் கழுத்து வரை நிரப்பினோம். காற்று தங்கிவிடக் கூடாது என்று வண்டியை ஆட்டச் சொல்லி மறுபடியும் நிரப்பினேன். அந்தத் தரை கொஞ்சம் சரிவு, அதனால் முன்சக்கரம் நின்ற இடத்தில் செங்கல் துண்டால் கோடு போட்டு வைத்தேன். பங்க்கில் வேலை செய்கிற பிள்ளைகள் சிரித்தார்கள், சிரிக்கட்டும். உப்பு பாரத்தோடு திண்டிவனம் போய், கடைகளில் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பினோம். தேசப்பனை ஐம்பதுக்கு மேல் போக விடவில்லை. புரோக்கருக்கு முழங்காலில் கியர் இடித்துக்கொண்டே இருந்தது. "அம்மா, கொஞ்சம் அழுத்தச் சொல்லுங்க, சாப்பாட்டுக்கு வீட்டுல காத்திருக்காங்க" என்றார். பசித்தால் கணக்கு மாறாது என்றேன். திரும்பி வந்து அதே பம்ப், அதே கோடு, அதே போல ஆட்டி நிரப்பியதும், ஓடிய தூரத்தை டீசலால் வகுத்து அவரையே போனில் பார்க்கச் சொன்னேன். பன்னிரண்டுக்கு மேல் வந்தது. அவர் இரண்டு முறை போட்டார். மூன்றாவது முறை தேசப்பன் போனில் போட்டுப் பார்த்தார்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. எடைக்குப் போகும் என்ற வண்டிக்கு அங்கேயே விலையை ஏற்றினார். "இந்த மாதிரி வண்டி இப்போ கெடைக்கிறது இல்லம்மா, நானே வச்சிக்கிறேன்" என்றார். இல்லை என்றேன். "புள்ள வாக்கு குடுத்துட்டாரும்மா" என்றார். வாக்குக் கொடுத்தவர் மஸ்கட்டில் இருக்கிறார், அவரிடம் என்ன வண்டி இருக்கிறதோ அதை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லி, வீட்டுக்குக் கூட்டி வந்து மீன் குழம்போடு சாப்பாடு போட்டு அனுப்பினேன். என் வீட்டு வாசலுக்கு வந்தவரைப் பட்டினியோடு அனுப்பினேன் என்று பேர் வரக்கூடாது. அவர் உனக்குப் போன் செய்வார். அம்மா சம்மதிக்கவில்லை என்று சொல். அதைச் சொல்ல உனக்கு வெட்கமாக இருந்தால், வண்டி அம்மாவுடையது என்று சொல், அதுவும் உண்மைதான்.

நீ கெட்ட எண்ணத்தில் சொன்னாய் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. நான் தனியாக இருக்கிறேன் என்று உனக்குக் கவலை, அது எனக்குத் தெரியும். ஆனால் கவலைப்படுகிறவன் கவலைப்படுகிறேன் என்று சொல்ல வேண்டும், வண்டி மேல் பழி போடக்கூடாது. என்னால் முடியாத நாள் வந்தால் நானே உன்னைக் கூப்பிட்டுச் சொல்வேன். அதை நீ அங்கே இருந்து டீசல் பில்லில் கண்டுபிடிக்க வேண்டாம்.

மெர்லின் முட்டி வலிக்கு எண்ணெய் அனுப்புகிறேன், சுட வைத்துத் தேய்க்கச் சொல். அனுஷியா கணக்கில் எல்லா விடையும் சரியாகப் போட்டும் வழிமுறை எழுதாததால் மதிப்பெண் குறைந்துவிட்டது என்று மெர்லின் வருத்தப்பட்டாள். டீச்சர் மேல் தப்பு இல்லை, பிள்ளை யாரைக் கொண்டு பிறந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிகிறது. ஆயா சொன்னாள் என்று சொல்லி, எல்லா வரியும் எழுதப் பழக்கு. தேசப்பன் வேப்ப மரத்தில் புதுக் கட்டை செதுக்கி வைத்திருக்கிறான். அதற்கு உன் பெயரையே வைத்துவிட்டார்கள். அளத்தில் வண்டி நின்றதும், "அந்த ஜெரால்ட எடுத்து சக்கரத்துல வை" என்று கத்துகிறார்கள். நான் தடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு நீங்கள் வரும் விமானம் எத்தனை மணிக்கு என்று எழுது. மெர்லினும் பேத்தியும் டாக்ஸியில் வரட்டும். நீ என்னோடும் தேசப்பனோடும் முன்சீட்டில், கலியமூர்த்தி உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து வா. இங்கே டேங்கைக் கழுத்து வரை நிரப்பிவிட்டுத்தான் சென்னைக்குக் கிளம்புவோம். திரும்பி வந்து அதே கோட்டில் நிறுத்தி நிரப்பியதும், கணக்கை நீ போடு. எனக்கு விடை மட்டும் போதாது.

அந்தோணியார் உங்கள் மூவரையும் ஒரு குறையும் இல்லாமல் காப்பாற்றட்டும். வெயிலில் வெறும் வயிற்றோடு வேலைக்குப் போகாதே. வண்டியை நீ ஓட்ட ஆசைப்பட்டால் ஓட்டலாம், நிறுத்தும்போது மட்டும் கையைச் சும்மா வைத்துக்கொண்டு கீழே இறங்கி நீயே கட்டையைப் போடு.

உன் நன்மையையே நினைக்கிற, வண்டியை விற்காத,
அம்மா
ஆனந்தம்மாள் இன்னாசிராஜ்