மேற்குச் சுவரில் ஆடுகள்

ஜூன் 12, 1964

வாப்பாவின் கட்டிலை முன்னறைக்கு மாற்றினோம். பக்கவாதம் வந்ததிலிருந்து படுத்தபடியே தொழுகிறார்கள். முகத்துக்கு நேரே, தொழும் திசையான மேற்குச் சுவரில், அந்தப் படம்: கடலோரப் புல்வெளியில் மேயும் ஆடுகள். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரர் வீட்டிலிருந்து உம்மா வாங்கியது. உம்மா போய் ஏழு வருடம். சுவருக்கு அப்பால் மாஹிம், பிறகு நிஜக் கடல்.

வாப்பாவைக் கவனிக்க ஊரிலிருந்து வந்திருக்கும் அவர்களுடைய அக்கா, மெஹராஜ் மாமி, பார்த்ததும் சொன்னார்கள்: "உசுருள்ளதோட உருவம் இருக்க வீட்டுக்கு வானத்து மலக்குமாரு வரமாட்டாவ. எடுத்துத் தூரப் போடு."

"தொழுவயில திருப்பி வச்சாப் போதும், லாத்தா," என்றார்கள் வாப்பா.

பாங்கு கேட்டதும் திருப்புகிறேன். தொழுகை முடிந்ததும் நேராக்குகிறேன்.

ஜூன் 19

மழை. தாராவி முழுக்க ஈரத்தோல் வாடை. எங்கள் கிடங்கிலும் தோல் காயவில்லை.

"வயசெல்லாம் தோலாவே பாத்தாச்சு. அது நின்னு மேயுறத இதுலதான் புள்ளே பாக்கேன்," என்றார்கள் வாப்பா, படத்து ஆடுகளைப் பார்த்தபடி.

மாமி விடவில்லை. "பாத்துக்கிட்டே இரி. பாலு கறக்கச் செம்பு கொண்டாரட்டா?"

வாப்பா கோணிய வாயால் சிரித்தார்கள்.

ஜூன் 27

டாக்டர் கைவிரித்துவிட்டார். அடுக்களையில் மாமி என் கையைப் பிடித்தார்கள். "அவன் ரூஹு போற நேரம் ரஹ்மத்துடைய மலக்கு வாசல்லயே நின்னுட்டா நான் என்ன செய்வேன் புள்ளே?"

வீம்பு என்றல்லவா நினைத்திருந்தேன்? இது பயம். என் நம்பிக்கை எது — தெரியவில்லை. முல்லைக்குக் காத்திருத்தல், நெய்தலுக்கு இரங்கல் என்று படித்திருக்கிறேன். அந்தப் படத்தில் இரண்டு நிலமும் உண்டு.

நானே கழற்றி அலமாரிக்குப் பின்னால் வைத்தேன்.

ஜூன் 28

வாப்பா வெறும் ஆணியையே பார்த்தார்கள். "ஆடெல்லாம் எங்க, சாயிரா? மழையில விட்டுட்டியா?"

கேலியா, நினைவு தப்பியதா?

மாமி எழுந்து உள்ளே போய்விட்டார்கள்.

ஜூன் 29

படம் ஆணியில் இருக்கிறது. நான் மாட்டவில்லை.

ஜூலை 2

வாப்பா மௌத். விடியலில், சுபுஹு தொழுத பிறகு. படம் நேராக இருந்தது. மாமி பக்கத்தில் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தார்கள், எழுந்து திருப்பவில்லை.

ஆகஸ்ட் 11

நாற்பதாம் ஃபாத்திஹா நேற்று முடிந்தது. மாமிக்கு இன்றிரவு ரயில்.

அசர் பாங்கு கேட்டது. நான் எழுவதற்குள் மாமியே படத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்கள். தொழுது ஸலாம் கொடுத்ததும் எழுந்து நேராக்கி, ஆடுகள்மேல் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தார்கள்.